வேலைக்கும் டிரெயிலுக்கும் ஒரே சைடு-பை-சைடு: வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

தென்கிழக்கு ஒஹையோவில் எங்களுக்கு 12 ஏக்கர் மேட்டு நிலம். பாதி மரக்காடு, பாதி புல்தரை. விறகு கொண்டுவர, வேலிக் கம்பங்களை ஏற்றிப் போக, மழை அரித்த பாதையில் ஜல்லி கொட்ட ஒரு சைடு-பை-சைடு, அதாவது கரடு முரடான நிலத்தில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி, வேண்டும். அதே வண்டியில், அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது, பக்கத்து மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்டு-மெக்காய் மலைப்பாதைகளில் (டிரெயில் என்பது இவற்றைத்தான்) இரண்டு மூன்று நாள் சுற்றி வரவும் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டி செய்யுமா என்று ஒன்றரை வருடம் விசாரித்து, ஏறி ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றை வாங்கினோம். அதன் பிறகு நிலம் வாங்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000 வண்டிக்கு 82 குதிரைத்திறன்; பின்பெட்டியில் 1,000 பவுண்டு ஏற்றலாம். குபோட்டா ஆர்டிவி-எக்ஸ்1100சி என்ற டீசல் வண்டிக்கு 25 குதிரைத்திறன்கூட முழுதாக இல்லை; பின்பெட்டியில் 1,100 பவுண்டு ஏற்றலாம். அப்படியென்றால் மீதி 57 குதிரைகள் எதற்கு? வேகத்துக்கு. அந்த வேகம் உங்களுக்கு வேண்டுமா, எத்தனை நாள் வேண்டும் என்பதுதான் கேள்வி. கியர்பெட்டி எந்த வகை, வண்டியின் அகலம் எவ்வளவு, உண்மையில் எவ்வளவு சுமக்கும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று வண்டிகளுக்குச் சுருங்கிவிடும்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

இரண்டு பேரோ மூன்று பேரோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கார் போல ஸ்டியரிங் பிடித்து, கால் மிதிகளால் ஓட்டுவது சைடு-பை-சைடு. யூடிவி என்றும் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் போலக் கால் விரித்து உட்காரும் ஏடிவி வேறு. சைடு-பை-சைடில் சீட் பெல்ட் உண்டு, தலைக்கு மேல் கவிழ்வுக்கூண்டு உண்டு, பின்னால் சாய்த்துக் கொட்டும் பெட்டி உண்டு.

இந்த வகை பண்ணையில் பிறந்தது. கவாசாகியின் மியூல் 1988-இல் வந்தது. கோவேறு கழுதை என்ற பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடும். ஜான் டியரின் கேட்டர் 1992-இல் வந்தது, போலாரிஸ் ரேஞ்சர் 1998-இல். பிறகு யமஹா ரைனோ வந்து, இதே உருவத்தில் காட்டுக்குள் விளையாடலாம் என்று காட்டியது. 2007-இல் போலாரிஸ் ஆர்இசட்ஆர் வந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் சுமை தூக்குபவை, மறுபக்கம் பாய்ந்து ஓடுபவை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை போலாரிஸ் ஜெனரல், யமஹா வுல்வரின், கேன்-ஆம் கமாண்டர் போன்றவை. வேலையும் டிரெயிலும் சேர்த்துக் கேட்கிறவர்கள் சுமை வண்டிக்கும் நடுவண்டிக்கும் இடையில்தான் தேட வேண்டும். பாய்ந்து ஓடும் வகையை இந்தக் கட்டுரையில் விட்டுவிடுகிறேன்.

படி 1: ஒரு வருட வேலையைப் பவுண்டில் எழுதுங்கள்

ஒரு தாளில் கடந்த பன்னிரண்டு மாதம் நிலத்தில் என்ன தூக்கினீர்கள் என்று எழுதுங்கள். "நிறைய விறகு" என்று எழுதினால் பயனில்லை, எடையாக எழுதுங்கள். அமெரிக்காவில் விறகை கார்டு கணக்கில் அளப்பார்கள். ஒரு கார்டு 128 கன அடி. காய்ந்த ஓக் விறகு ஒரு கார்டு ஏறத்தாழ 3,700 பவுண்டு வரும். 1,000 பவுண்டு பெட்டி என்றால் குறைந்தது நான்கு நடை. இப்போதுதான் வெட்டிய பச்சை விறகு என்றால் எடை இன்னும் மிகவும் கூடும்.

ஜல்லிதான் எல்லோரையும் ஏமாற்றுவது. ஒரு கன அடி ஜல்லி சுமார் 100 பவுண்டு. பத்து கன அடி போட்டாலே 1,000 பவுண்டு வந்துவிடும், ஆனால் பல வண்டிகளில் பெட்டி அப்போதும் நிறைந்திருக்காது. கண்ணுக்கு இடம் இருப்பது போலத் தெரிவதால் இன்னும் நான்கு மண்வெட்டி போடுவோம். அங்கேதான் பின்பக்க ஸ்பிரிங்கும் கியர்பெட்டியின் ரப்பர் பெல்ட்டும் அடிவாங்கும். தண்ணீரும் அப்படித்தான். 50 காலன் மருந்துத் தொட்டி நிறைந்தால் 400 பவுண்டுக்கு மேல், அதுவும் பாதி நிறைந்த தொட்டி வளைவில் அலைபாய்ந்து வண்டியைச் சாய்க்கும்.

பக்கத்திலேயே டிரெயில் நாட்களையும் எழுதுங்கள். ஆசையை எழுதாதீர்கள், போன வருடம் உண்மையில் எத்தனை நாள் போனீர்கள் என்பதை எழுதுங்கள். எங்கள் தாளில் வேலை நாட்கள் எழுபதுக்கு மேல், டிரெயில் நாட்கள் ஒன்பது. அந்த ஒன்பது நாளுக்காக எழுபது நாளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவாகிவிட்டது. உங்கள் தாளில் எண்கள் தலைகீழாக இருந்தால் முடிவும் தலைகீழாக இருக்கட்டும்.

படி 2: டேப்பை எடுத்து அகலத்தை அளந்து பாருங்கள்

முழு அளவு சுமை வண்டிகளின் அகலம் பெரும்பாலும் 60 முதல் 65 அங்குலம். பல இடங்களில் இது ஒரு தடை. அமெரிக்க வனத்துறை நிலங்களில் 50 அங்குலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதைகள் நிறைய உண்டு. மினசோட்டா மாநிலச் சட்டம் 50 அங்குலம் வரை முதல் வகுப்பு என்றும், அதற்கு மேல் 65 அங்குலம் வரை இரண்டாம் வகுப்பு என்றும் பிரிக்கிறது. முதல் வகுப்புப் பாதையில் இரண்டாம் வகுப்பு வண்டி போக முடியாது. நீங்கள் அடிக்கடி போகும் காடு எது என்று பார்த்து, அந்த வனப்பகுதியின் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். இலவசமாகவே தருகிறார்கள். எந்தப் பாதையில் எந்த அகலம், எந்த மாதங்களில் திறப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

50 அங்குலப் பாதைகள்தான் உங்கள் ஆசை என்றால் ஹோண்டா பயனியர் 520 போன்ற குறுகிய வண்டி ஒன்றே வழி. ஆனால் குறுகிய வண்டி பக்கச் சரிவில் சீக்கிரம் சாயும், சுமையும் குறைவு. இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டு வாசல். கொட்டகைக் கதவு, வேலிக் கேட், கடைசியாக டிரெயிலர். என் நண்பர் ஒருவர் தன்னிடம் ஏற்கெனவே இருந்த 5 அடி அகல டிரெயிலரை நம்பி 62 அங்குல வண்டியை வாங்கிவிட்டார். 5 அடி என்றால் 60 அங்குலம்தானே. வண்டி டீலரிடமே நான்கு நாள் நின்றது, அவர் வேறு டிரெயிலர் தேடி அலைந்தார். நீளத்தையும் பாருங்கள். ஒற்றை வரிசை வண்டி 10 அடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆறு பேர் உட்காரும் வண்டி 12 அடியைத் தாண்டும். வண்டியின் எடையோடு டிரெயிலர் எடையையும் கூட்டி, உங்கள் பிக்கப்போ காரோ அதை இழுக்குமா என்று கையேட்டில் பாருங்கள்.

படி 3: பிராண்டுக்கு முன்னால் கியர்பெட்டியை முடிவு செய்யுங்கள்

நான் இங்கே கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு வரும் சந்தோஷமும் செலவும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

பெரும்பாலான சைடு-பை-சைடுகளில் இருப்பது பெல்ட் கியர்பெட்டி, அதாவது சிவிடி. இரண்டு கூம்புச் சக்கரங்கள், நடுவில் ஒரு தடித்த ரப்பர் பெல்ட். இன்ஜின் சுற்று கூடக்கூட எடைக்கட்டிகள் வெளியே தள்ளி, இன்ஜின் பக்கத்துக் கூம்பை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். வண்டி வேகம் எடுக்கும். கியர் மாற்றும் குலுக்கலே கிடையாது. ஓட்டத் தெரியாதவர்கூட ஓட்டிவிடலாம். விலையும் எடையும் குறைவு.

பிரச்சினை எங்கே வருகிறது? சுமையோடு, ஏற்றத்தில், மெதுவாக, ஹை கியரில் (பெல்ட் வண்டியிலும் ஹை, லோ என்று இரண்டு நிலை இருக்கும்) போகும்போது. கூம்பு பெல்ட்டை முழுதாக இறுக்கிப் பிடிப்பதற்கு முன்னாலேயே வண்டி முக்கும். பெல்ட் வழுக்கும், சூடாகும், பளபளவென்று மெருகேறிவிடும், ஒருநாள் அறுந்துவிடும். ரப்பர் கருகும் வாசனை, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் இருப்பது, கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். மருந்து ஒன்றே: லோ கியர். லோவில் போட்டால் அதே தரை வேகத்துக்கு பெல்ட் வேகமாகச் சுற்றும், பிடிப்பு முழுதாக இருக்கும், காற்றும் நன்றாக ஓடி வெப்பம் இறங்கும். சுமை இழுக்கும்போதும், பாறையில் ஊர்ந்து போகும்போதும், டிரெயிலர் மேல் ஏற்றும்போதும் லோ. பழைய வண்டியில் ஒரு வசந்தகாலம் முழுக்க ஜல்லியை ஹை கியரிலேயே ஏற்றி இரண்டு பெல்ட்டைக் கருக்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. லோவுக்கு மாறிய பிறகு மூன்றாவது பெல்ட் அந்த வண்டியை விற்கும்வரை இருந்தது.

தண்ணீர் ஆழமான இடத்தில் இறங்கி பெல்ட் அறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். அறையின் அடியில் ஒரு வடிகால் மூடி இருக்கும், அதைத் திறந்து விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்துக் கொஞ்ச நேரம் முடுக்கினால் காய்ந்துவிடும். வாங்கும்போதே அந்த மூடி எங்கே இருக்கிறது, பெல்ட் மாற்ற எத்தனை போல்ட் கழற்ற வேண்டும் என்று டீலரிடம் காட்டச் சொல்லுங்கள். டிரெயிலுக்குப் போனால் மாற்று பெல்ட்டும் அதற்கான ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

எல்லா பெல்ட்டும் ஒன்றல்ல. யமஹா தன் வண்டிகளில் வைக்கும் அமைப்பு பெல்ட்டை எப்போதும் இறுக்கமாகவே வைத்திருக்கும்; கிளம்பும்போது வரும் வழுக்கலை எண்ணெயில் ஓடும் தனி கிளட்ச் ஏற்றுக்கொள்ளும். பெல்ட்டுக்குப் பத்து வருட உத்தரவாதமும் தருகிறது. இறக்கத்தில் இன்ஜின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் கிடைக்கும். பெல்ட் வண்டிதான் வாங்குவேன் என்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

ஹோண்டா பயனியர் 1000 பெல்ட்டே இல்லாத வண்டி. 2016 மாடலாக வந்தது. 999 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், ஆறு கியர்கள், இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று; ஒன்று வேலை செய்யும்போதே அடுத்தது தயாராக நிற்கும். தானாகவும் மாறும், ஸ்டியரிங் பக்கத்து நெம்புகோலால் நாமும் மாற்றலாம். செங்குத்தான இறக்கத்தில் தாழ்ந்த கியரில் பிடித்து இறங்கும்போது கிடைக்கும் நிம்மதி வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. குறையும் உண்டு: நடை வேகத்தில் ஊரும்போது பெல்ட் வண்டியின் வழுவழுப்பு இதில் இல்லை, கியர் மாறும் தட்டு தெரியும், உள்ளே சத்தமும் கொஞ்சம் அதிகம். எண்ணெயும் வடிகட்டியும் நேரத்துக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது வகை குபோட்டாவின் ஹைட்ரோஸ்டாட்டிக். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்ற, எண்ணெயின் அழுத்தம் சக்கரத்தை ஓட்டும். மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே அடங்கும். சரிவில் சுமையோடு இறங்குகிறவர்களுக்கு இது பெரிய வரம். நாள் முழுக்க நடை வேகத்தில் வேலி ஓரமாகப் போகலாம், எதுவும் கருகாது. டிராக்டருக்கு வைத்திருக்கும் டீசலையே ஊற்றலாம். ஆனால் உச்ச வேகம் மணிக்கு 25 மைல் சுமார்தான், சஸ்பென்ஷன் அசைவும் குறைவு. டிரெயிலில் கூட வருகிறவர்கள் உங்களுக்காகக் காத்து நிற்பார்கள். வேலை மட்டும்தான் என்பவர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். டிரெயிலும் வேண்டும் என்பவர் இதை விட்டுவிடலாம்.

கையால் கியர் போடும் வண்டி ஒன்றும் உண்டு, மகிந்திரா ராக்ஸர். நம்ம ஊர் ஜீப் ஓட்டியவர்களுக்குப் பார்த்த உடனே கை தானாகக் கியருக்குப் போகும். 2018-இல் மிச்சிகனில் அறிமுகமானது. 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர், இலை ஸ்பிரிங், இரும்பு உடல். வடிவம் ஜீப்பை ஒத்திருந்ததால் பெரிய வழக்கு நடந்து, முகப்பை மாற்றிய கதையும் உண்டு. இழுவைக்கு அருமை, ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள மற்றவற்றைவிட மிகவும் கனம், இலை ஸ்பிரிங்கில் கரடு முரடான பாதை முதுகைக் கேட்கும்.

படி 4: மூன்று எடைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

பின்பெட்டிச் சுமை, மொத்தச் சுமை, இழுவை ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும். நடைமுறையில் உங்களைக் கட்டிப்போடுவது இரண்டாவது, ஏனென்றால் அதில் மனிதர்களும் அடக்கம்.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தச் சுமை 1,500 பவுண்டு என்று ஒரு வண்டி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்கு 1,000. இரண்டு பெரியவர்கள் 380. நீங்கள் பிறகு மாட்டிய கூரை, கண்ணாடி, வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி), கதவுகள் எல்லாம் 270. மீதி 850. பெட்டியில் 1,000 என்று ஒட்டியிருந்தாலும் உங்களுக்கு 850-தான். மூன்றாவது ஆள் ஏறினால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை டீலர் கடையில் நின்று போடுங்கள்; மொத்தச் சுமை எண் கதவோரத்திலோ சீட் அடியிலோ ஒட்டிய எச்சரிக்கைத் தாளில் இருக்கும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் 1,000 பவுண்டு என்று விற்கும் பல வண்டிகள் அங்கே 600 பவுண்டு என்றுதான் வரும். வண்டி அதேதான், அந்த மாநிலத்தின் வகைப்பாட்டு விதியால் எண் மாறுகிறது.

இழுவையில் 2,000, 2,500 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அது சமதரைக்கு. இழுக்கும் வண்டியே 1,700 பவுண்டுதான் இருக்கும். பின்னால் பிரேக் இல்லாத 2,500 பவுண்டு டிரெயிலரோடு ஈரப் புல் சரிவில் இறங்கினால் எது எதை இழுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேட்டு நிலத்தில் அவர்கள் எழுதியிருக்கும் எண்ணில் பாதிக்கு மேல் நான் இழுப்பதில்லை. டிரெயிலரின் நாக்கு எடை, அதாவது கொக்கியின் மேல் இறங்கும் எடை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சுமார் இருக்கட்டும். அதுவும் பெட்டிச் சுமைக் கணக்கில் சேரும்.

படி 5: சஸ்பென்ஷன், இங்கேதான் இரண்டும் முட்டிக்கொள்ளும்

சுமைக்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும், பள்ளத்தில் பாய மெத்தென்ற நீள அசைவு வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்பிரிங் செய்யாது. ரேஞ்சர் போன்ற சுமை வண்டியில் சக்கரம் மேலும் கீழும் 10, 11 அங்குலம் அசையும். யமஹா வுல்வரின் ஆர்மேக்ஸ் 1000-இல் முன்னால் 14 அங்குலம் சுமார். டிரெயிலில் இந்த வித்தியாசம் முதுகுத்தண்டில் தெரியும். ஆனால் அதற்கு விலை உண்டு: வுல்வரின் ஆர்மேக்ஸ், போலாரிஸ் ஜெனரல் இரண்டுக்கும் பெட்டி 600 பவுண்டு. ஜெனரலின் இழுவை 1,500. அதாவது நாலு நடை விறகு ஏழு நடையாகிவிடும்.

வருடத்துக்குப் பத்து டிரெயில் நாள்வரை என்றால் சுமை வண்டியே போதும் என்பது என் தீர்ப்பு. மெதுவாகப் போனால் அதுவும் எல்லா இடத்துக்கும் போகும். முப்பது நாளைத் தாண்டினால் நடுவண்டிக்குப் போங்கள், ஜல்லியை லாரியில் இறக்கச் சொல்லிவிடுங்கள்.

புல்தரை உள்ளவர்கள் பின்பக்க டிஃபரன்ஷியலைத் திறந்து, இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பூட்டியே இருக்கும் வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் புல்லைச் சுரண்டி எடுக்கும். ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர் போன்ற சுமை வண்டிகளில் இது இருக்கிறது. மின்சார பவர் ஸ்டியரிங் இல்லாத அடிப்படை மாடலை வாங்காதீர்கள். பாறையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

படி 6: உட்காரும் இடம், கேபின், மின்சாரம்

ஆறு பேர் வண்டி திரும்ப இடம் கேட்கும், மரங்களுக்கு நடுவே சிரமம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நடுவழி இருக்கிறது. ஹோண்டா பயனியர் 1000-5 வண்டியில் பின்பெட்டிக்குள் மடங்கியிருக்கும் இரண்டு சீட்டுகளை வேண்டும்போது நிமிர்த்தலாம். கவாசாகி மியூல் ப்ரோ-எஃப்எக்ஸ்டியில் மூன்று பேர் வண்டியை ஆறு பேர் வண்டியாக மாற்றலாம். நாங்கள் வாங்கியது பயனியர் 1000-5. வாரநாளில் பெட்டி, வாரக்கடைசியில் பிள்ளைகள்.

முன்கண்ணாடி மட்டும் மாட்டினால் பின்பக்கத்துத் தூசி சுழன்று உள்ளே வரும், பின்தடுப்பும் சேர்த்து மாட்டுங்கள். முழு கேபின் குளிருக்குச் சொர்க்கம்தான். ஆனால் எடை மேலே ஏறும், விலையும் எகிறும். பனி நாட்டில் பனி தள்ளும் வேலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மின்சார வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி கைனெடிக் 110 குதிரைத்திறன். சிறிய பேட்டரியில் 45 மைல், பெரியதில் 80 மைல் வரை என்பது நிறுவனம் சொல்லும் தூரம். சத்தம் இல்லாததால் கால்நடைகள் மிரளாது. சுமையும் குளிரும் தூரத்தைக் குறைக்கும். வீட்டைச் சுற்றிய வேலைக்குச் சரி, மலைக்குள் நாள் முழுக்கச் சுற்ற நான் எடுத்துப் போக மாட்டேன்.

படி 7: கவிழ்வைப் பற்றிப் பேசாமல் காசு கொடுக்காதீர்கள்

2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹாவும் சேர்ந்து ரைனோ வண்டிகளுக்கு இலவசச் சீரமைப்பை அறிவித்தன. ரைனோ 450, 660 மாடல்களில் 46 பேர் இறந்ததை ஆணையம் விசாரித்திருந்தது. சீரமைப்பில் பின்சக்கரங்களுக்கு இடைவளையம் வைத்து அகலப்படுத்தினார்கள், பின்பக்கச் சாய்வுத்தடுப்புக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அந்த அறிவிப்பில் என்னை உலுக்கிய வரி வேறு. கவிழ்ந்தவற்றில் பல, சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போதே கவிழ்ந்தன. பலர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை.

வண்டி சாயும்போது கை தானாக வெளியே போகும், கால் தரையைத் தேடும். அப்போதுதான் கூண்டு கையின்மேல் விழுகிறது. பெல்ட்டும், கதவு அல்லது பக்கவலையும் இருப்பது அதைத் தடுக்கத்தான். ஒப்பிடும்போது இவற்றைப் பாருங்கள்: கதவு முழுதா பாதியா, பெல்ட் போடாவிட்டால் வேகம் கட்டுப்படுகிறதா, பயணிக்கு உறுதியான கைப்பிடி இருக்கிறதா. பெரிய வண்டிகளை ஓட்ட 16 வயதும் உரிமமும் வேண்டும் என்றே கையேடுகள் சொல்கின்றன. பிள்ளை சீட்டில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையைத் தொட வேண்டும். தொடவில்லையா, இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும். எங்கள் இளையவள் இதற்காகவே இரண்டு அக்டோபர் காத்திருந்தாள்.

ஹாட்ஃபீல்டு-மெக்காய் போன்ற இடங்களில் ஹெல்மெட் கட்டாயம், அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். 1,000 மைல்களுக்கு மேல் பாதைகள் அங்கே. கடினத்தின்படி நிறம் குறித்திருப்பார்கள். புது வண்டியோடு முதல்முறை போகிறவர்கள் எளிதான பச்சைப் பாதையோடு நின்றுகொள்ளுங்கள். சைடு-பை-சைடு தயாரிப்பாளர்களின் சங்கமான ரோவா இலவச இணையப் பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரும் அதை முடித்துவிடுங்கள்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

பட்டியல் இப்போது இரண்டு மூன்று வண்டிகளுக்கு வந்திருக்கும். டீலரின் தார் மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டினால் எதுவும் தெரியாது. மண் சரிவு இருக்கும் டீலரைத் தேடுங்கள், அல்லது அதே வண்டி வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள். பண்ணை ஊர்களில் யாரும் மறுப்பதில்லை. லோவில் போட்டு ஏறுங்கள், பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். காலை எடுத்துவிட்டு இறங்குங்கள், வண்டி தானே பிடிக்கிறதா ஓடிவிடுகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸில் டிரெயிலர் கொக்கி கண்ணுக்குத் தெரிகிறதா? அரை மணி நேரம் ஓட்டியபின் தொடைக்கடியில் இன்ஜின் சூடு எவ்வளவு? பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா?

விலை கேட்கும்போது ஒட்டியிருக்கும் விலையைக் கேட்காதீர்கள். சரக்குக் கூலி, தயார்செய்யும் கூலி, காகிதக் கூலி, வரி எல்லாம் சேர்த்து, வண்டி வெளியே வரும் விலை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு டீலர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருப்பதைப் பார்ப்பீர்கள். ஆனாலும் 40 நிமிடத்தில் இருக்கும் நல்ல பட்டறையை, நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் குறைந்த விலைக்காக நான் விடமாட்டேன்.

பழைய வண்டி என்றால் மீட்டரில் மைலையும் மணியையும் சேர்த்துப் பாருங்கள். மைலை மணியால் வகுங்கள். 5, 6 வந்தால் பண்ணையில் மெதுவாக உழைத்த வண்டி. 15-க்கு மேல் வந்தால் நன்றாக ஓட விட்டிருக்கிறார்கள். முதலாவதில் பெல்ட்டும் கிளட்ச்சும், இரண்டாவதில் பால் ஜாயிண்ட்டும் ஆக்சில் ரப்பர் உறையும் முதலில் பார்க்க வேண்டியவை. காற்று வடிகட்டியைத் திறந்து, அதற்கு உள்பக்கத்துக் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். தூசி ஒட்டினால் அது இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். எண்ணெய் பால் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, குறைபாட்டுக்காக நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று டீலரிடம் சரிபாருங்கள்.

படி 9: முதல் 25 மணி நேரம்

வீட்டுக்கு வந்ததும் முழுச் சுமை ஏற்றிவிடாதீர்கள். பெல்ட் வண்டி என்றால் புது பெல்ட் கூம்பில் படிய வேண்டும். பாதிச் சுமை, மாறி மாறி வரும் வேகம், நடுவில் ஓய்வு. முதல் எண்ணெய் மாற்றம் சீக்கிரம் வரும், எத்தனை மணியில் என்று கையேட்டில் பார்த்துக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். சக்கர நட்டுகளை முதல் பத்து மணிக்குள் ஒருமுறை இறுக்குங்கள். சேற்றில் போய்வந்த அன்றே ரேடியேட்டரைக் கழுவுங்கள், மெல்லிய தண்ணீரில், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி. காய்ந்துவிட்டால் அந்தச் சேறு லேசில் வராது.

பிறகு ஒரு நாள் காலையில், நிலத்தின் மிகச் செங்குத்தான இடத்தைப் பெட்டி காலியாக, லோவில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு நேராக ஏறி நேராக இறங்கிப் பாருங்கள். அடுத்த வாரம் 300 பவுண்டோடு, அதற்கடுத்த வாரம் 600-ஓடு. எந்த எடையில் முன்சக்கரம் லேசாகிறது, எங்கே பிரேக் போதவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பெயிண்ட் பேனாவால் பெட்டியின் பின்கதவில் எழுதிவிடுங்கள். எங்கள் வண்டியில் 650 என்று எழுதியிருக்கிறது.